போலரைஸ்டு கண்ணாடி போட்டால் போன் திரை கறுப்பது ஏன்?

கேள்வி: தினமும் காலையில் கிழக்குப் பார்த்து பைக் ஓட்டுகிறேன். மழை பெய்து ஓய்ந்த நாட்களில் ஈரச் சாலை கண்ணைப் பறிக்கிறது என்று 'போலரைஸ்டு' கூலிங் கிளாஸ் வாங்கினேன். கூச்சம் நன்றாகக் குறைந்தது. ஆனால் போனைச் சாய்த்துப் பார்த்தால் திரை கறுத்துவிடுகிறது. கண்ணாடியில் கோளாறா? பிளஸ் டூ படிக்கும் என் மகள், "தண்ணீர் முனைவுள்ள மூலக்கூறு, அதனால்தான் அதில் பட்டு வரும் ஒளிக்கும் இப்படி ஆகிறது" என்கிறாள். சரியா?

பதில்: கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது. போன் கறுப்பதே அதற்குச் சாட்சி.

ஒளி ஓர் அலை. அது போகும் திசைக்குக் குறுக்கே அதன் மின்புலம் ஆடிக்கொண்டே போகும். சூரிய ஒளியில் இந்த ஆட்டம் மேலும் கீழும், இடமும் வலமும், சாய்வாகவும் எல்லாம் கலந்து கிடக்கும். உங்கள் கண்ணாடிக்குள் இருக்கும் மெல்லிய படலம் கிடைமட்ட ஆட்டத்தை விழுங்கிவிட்டு, செங்குத்து ஆட்டத்தை மட்டும் விடும். போன் திரையின் மேலும் இதே மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. அதிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில்தான் ஆடும். இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக அமைந்தால் இருட்டு. சில போன்களில் இது நடக்காதபடி இன்னொரு படலம் சேர்த்திருப்பார்கள். அதனால் போன் கறுக்கவில்லை என்றால் கண்ணாடி போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி மகளின் கேள்வி. நல்ல கேள்வி, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர் மின்னும் மறுபக்கம் எதிர் மின்னும் சற்றுத் தூக்கலாக இருப்பது உண்மை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி நொடிக்குச் சுமார் 500 லட்சம் கோடி தடவை ஆடுகிறது. அந்த வேகத்துக்கு மூலக்கூறு முழுசாகத் திரும்பி ஆட முடியாது. மைக்ரோவேவ் அடுப்பின் அலை நொடிக்கு 245 கோடி தடவைதான் ஆடும். தண்ணீர் மூலக்கூறு அதற்கு ஈடுகொடுத்துத் திரும்ப முயல்வதால்தான் குழம்பு சூடாகிறது. ஒளிக்கு ஈடுகொடுப்பது எடையே இல்லாத மாதிரி இருக்கும் எலக்ட்ரான்கள் மட்டும். கணக்கும் அதையே சொல்கிறது. நிலையான மின்புலத்தில் தண்ணீரின் மின்காப்பு மாறிலி, அதாவது மின்புலத்துக்கு அது எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்று காட்டும் எண், சுமார் 80. ஒளிக்கும் அதே எண் பொருந்தினால் ஒளிவிலகல் எண் (ஒளி அதற்குள் எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்ற அளவு) அதன் வர்க்கமூலமான 9 அளவுக்கு வர வேண்டும், உண்மையில் 1.33தான். முனைவே இல்லாத எண்ணெயும் ஒளியை இதே போல்தான் பிரதிபலிக்கிறது. ஆக, பொருளுக்குள் நேர் மின்னும் எதிர் மின்னும் விலகி ஆடுகின்றன என்பதில் மகள் சொல்வது சரி. ஆடுவது மூலக்கூறு அல்ல, எலக்ட்ரான், அங்கேதான் மாறுகிறது.

அப்படி ஆடும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஆன்டெனா. தன் ஆட்டத்துக்குப் பக்கவாட்டில் ஒளியை அனுப்பும். ஆடும் கோட்டின் நேர் திசையில் துளியும் அனுப்பாது. ஒளி ஒரு குறிப்பிட்ட சாய்வில் விழும்போது, செங்குத்துத் தளத்தில் ஆடும் எலக்ட்ரான்களின் ஆட்டக்கோடு, பிரதிபலித்த கதிர் போக வேண்டிய திசையிலேயே அமைந்துவிடும். அந்தப் பங்கு ஒளி மேலே திரும்பவே திரும்பாது. மிஞ்சுவது கிடைமட்ட ஆட்டம் மட்டும், அதைத்தான் உங்கள் கண்ணாடி விழுங்கிவிடுகிறது. அந்தக் கோணத்தை, பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால், அதன் டேன் மதிப்புதான் பொருளின் ஒளிவிலகல் எண் என்று 1815இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் சொன்னார். தண்ணீருக்கு 53 டிகிரி.

இதை வீட்டிலேயே பார்க்கலாம், மகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, எதிரே ஜன்னல் வெளிச்சம் அதில் பளபளக்கும்படி நில்லுங்கள். கண்ணின் உயரத்தை 1.33ஆல் பெருக்கினால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று கிடைக்கும், 1.5 மீட்டர் உயரம் என்றால் 2 மீட்டர். கண்ணாடியைக் கையில் பிடித்து, ஒரு லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் பளபளப்பு அப்படியே அணைந்து, அடியில் இருக்கும் டைல்ஸின் கோடு வரை தெரியும். கால் சுற்று திருப்பினால் பளபளப்பு திரும்பிவிடும். கடையில் வாங்கும்போதும் இந்தச் சோதனையை நம்பலாம். வெறும் கறுப்புக் கண்ணாடி எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி மங்கும். 1808இல் பாரிஸில் பிரெஞ்சு இயற்பியலாளர் எத்தியேன் மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுவந்த அந்தி வெயிலை ஒரு கால்சைட் படிகம் வழியே திருப்பிப் பார்த்ததும் இதைத்தான். ஒளித்துகளுக்குக் காந்தம் போல் முனைகள் உண்டு என்று நினைத்துத்தான் அவர் 'போலரைசேஷன்' என்ற பெயரையே வைத்தார். பாடப்புத்தகம் 'தளவிளைவு' என்கிறது. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

வண்டி ஓட்டும்போது சில விஷயங்கள். சூரியன் மிகத் தாழ்ந்திருந்தால் ஒளி 53 டிகிரியை விட்டு வெகுதூரம் விலகிப்போய்ச் சாலையை உரசிக்கொண்டு வரும். அப்போது கூச்சம் குறையும், முழுசாகப் போகாது. பளபளக்கும் குரோம் பம்பர், எதிரே நேராக அடிக்கும் ஹெட்லைட் இரண்டிலும் இந்தக் கண்ணாடியால் தனி லாபம் இல்லை. ஹெல்மெட் வைசரில் வானவில் மாதிரி பட்டைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக்கை வார்த்தபோது உள்ளே தங்கிய அழுத்தம் அப்படிக் காட்டும். புற ஊதா பாதுகாப்பு தனி விஷயம், அதற்கு 'யுவி 400' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அப்புறம், இருட்டிய பிறகு இதைப் போட்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். வருகிற ஒளியில் பாதிக்கு மேல் இது தடுத்துவிடும். குறுக்கே வரும் ஆள் தெரியாமல் போகலாம்.