பேசும் எலும்புக்கூட்டுக்கு எந்த சாஃப்ட்வேர்?

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறோம். ஹாலோவீனுக்கு வாசலில் உட்கார வைக்க ஆளுயர பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று வாங்கியாயிற்று. மண்டை ஓட்டுக்குள் சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்) வைத்து, தலையைத் திருப்பி வாயசைத்துப் பேச வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. தெருவில் நம்மவர்கள் நிறைய இருப்பதால் ஆங்கிலத்தோடு தமிழும் பேச வேண்டும். கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்: விக்சன், எக்ஸ்லைட்ஸ், விஎஸ்ஏ, பொட்டாங்கோ. எதை எடுப்பது? ஆர்டுயினோ (மோட்டார், விளக்கு போன்றவற்றை ஓட்டும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு) ஓரளவு தெரியும். – வாசகி, டெக்சஸ்

பதில்: நாலையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், நாலும் ஒரே வேலைக்காக எழுதப்பட்டவை இல்லை. விக்சனும் எக்ஸ்லைட்ஸும் அடிப்படையில் விளக்கு ஷோவுக்கானவை. பாட்டுக்கு ஏற்ப வீட்டு முகப்பு முழுக்க பல்புகளை மின்ன வைப்பவர்கள் பயன்படுத்துவது, இரண்டும் இலவசம். விஎஸ்ஏ என்பது விஷுவல் ஷோ ஆட்டோமேஷன். காசு கொடுத்து வாங்க வேண்டும், விண்டோஸில் மட்டும் ஓடும், வீட்டிலேயே பேய்வீடு போடுகிறவர்களிடம் பல வருடமாகப் புழங்குகிறது. பொட்டாங்கோ இவற்றுக்கெல்லாம் பிறகு வந்தது, அசையும் பொம்மைகளுக்கென்றே எழுதப்பட்டது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம், ஆர்டுயினோ போர்டை நேரடியாக ஓட்டும்.

உங்களுக்கு நான் சொல்வது பொட்டாங்கோ. ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவர் வேறு பெயர் சொன்னதும் அதற்கு மாறலாமா என்று தோன்றும்.

எல்லோரும் முதலில் கவலைப்படுவது வாயசைவைப் பற்றித்தான். எந்த சாஃப்ட்வேரில் உச்சரிப்பு சரியாக வரும், எது எழுத்துக்கு எழுத்து பிரித்துத் தரும் என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் எலும்புக்கூட்டுக்கு உதடே கிடையாது! கார்ட்டூன் பாத்திரத்துக்கு உதடு குவிய வேண்டும், விரிய வேண்டும், பல் உதட்டைக் கடிக்க வேண்டும். அதற்காகத்தான் எக்ஸ்லைட்ஸில் வார்த்தைகளைப் பிரித்து 10 வகை வாய் வடிவங்களாகக் கொடுக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். மண்டை ஓட்டின் தாடை மேலும் கீழும் மட்டும்தான் போகும். எவ்வளவு திறக்கிறது, எப்போது மூடுகிறது, இந்த இரண்டைத் தவிர அதற்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. மூடியது, லேசாகத் திறந்தது, பாதி, முழுசு என்று நாலு அளவு இருந்தால் போதும்.

"வாங்க வாங்க, மிட்டாய் எடுத்துக்கோங்க" என்று பேச வைக்கிறீர்கள் என்று வையுங்கள். "வா"வில் முழுத் திறப்பு, "ங்க"வில் பாதி. இரண்டாவது "வாங்க"வுக்கும் அதே. அப்புறம் "மி", இங்கே தாடை கட்டாயம் ஒரு கணம் முழுசாக மூட வேண்டும், ஏனென்றால் ம, ப ஒலிகள் வரும்போது வாய் திறந்திருந்தால் பார்க்கிற குழந்தைக்குக்கூட உறுத்தும். "ட்டாய்" முழுத் திறப்பில் தொடங்கி லேசாக முடியும். "எடு" பாதி, பிறகு லேசு. "த்து"வில் கிட்டத்தட்ட மூடி, "க்கோ"வில் பாதிக்கு மேல், "ங்க"வில் பாதிக்கு இறங்கி மூடிவிடும். அவ்வளவுதான். ம, ப இரண்டிலும் மூடுவதையும், ஆ, ஓ போன்ற நெடில்களில் நன்றாகத் திறப்பதையும் சரியாகச் செய்துவிட்டால் நடுவில் இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதைக் கையால் செய்ய அலுப்பாக இருந்தால் ரூபார்ப் லிப் சிங்க் என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது. பதிவு செய்த பேச்சை வேவ் ஃபைலாகக் கொடுத்தால் எந்த நொடியில் எந்த வாய் வடிவம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். பொதுவாக இந்த மாதிரி புரோகிராம்கள் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு வேலை செய்பவை, தமிழைக் கொடுத்தால் திணறும். இதில் ஒலியை மட்டும் கேட்டுப் பிரிக்கிற முறையும் இருக்கிறது. ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்காகவே வைத்திருக்கிறார்கள், தமிழுக்கு அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வடிவங்களுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்திருப்பார்கள். ஏ, எக்ஸ் இரண்டும் மூடியது. டி முழுத் திறப்பு. சி, ஈ, ஹெச் மூன்றையும் பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சம் எல்லாம் லேசு. அந்த நேரங்களைப் பார்த்து உங்கள் டைம்லைனில் (சாஃப்ட்வேரின் நேரக்கோட்டில்) புள்ளி வைத்துக்கொண்டே போகலாம்.

ஆக வாயசைவுக்காக சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தலைக்காகத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு மண்டை ஓடு உயிரோடு இருப்பதாக ஏன் தோன்றுகிறது என்று கவனித்துப் பாருங்கள். பேசத் தொடங்குவதற்கு அரை நொடி முன்னால் தலை மெதுவாக நம் பக்கம் திரும்பும். கேள்வி கேட்கும்போது லேசாக ஒரு பக்கம் சாயும். வாக்கியத்தின் முக்கியமான வார்த்தையில் ஒரு சின்ன ஆட்டு ஆட்டும். பேசி முடித்ததும் சட்டென்று நேராக நிற்காமல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து அடங்கும். வாயசைவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தலை அப்படியே நின்றால் அது பொம்மைதான். மாறாக, தலை நன்றாக அசைந்தால் வாய் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கண் மன்னித்துவிடும். இதனால்தான் மண்டை ஓடு செய்பவர்கள் தாடைக்கு ஒன்று, திரும்ப ஒன்று, குனிந்து நிமிர ஒன்று, சாய ஒன்று என்று குறைந்தது நாலு சர்வோ வைக்கப் பார்க்கிறார்கள்.

இந்த மெதுவான அசைவில்தான் விளக்கு சாஃப்ட்வேர் தடுமாறும். அங்கே சாதாரணமாக ஒரு சேனலுக்கு (ஒரு விளக்கையோ மோட்டாரையோ ஓட்டும் தனி வழிக்கு) 0 முதல் 255 வரை, மொத்தம் 256 படிகள். பல்பு வெளிச்சத்துக்கு அது தாராளம். சர்வோவோ 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தரம் வரும் மின்துடிப்பின் நீளத்தைப் பார்த்து நகர்வது. 1 முதல் 2 மில்லிசெகண்ட் வரையிலான அந்த நீளத்தை 256 துண்டாக வெட்டினால், தலை மெதுவாகத் திரும்பும்போது டக் டக்கென்று விட்டு விட்டு நகர்வது கண்ணுக்கே தெரியும். எக்ஸ்லைட்ஸில் இரண்டு சேனலைச் சேர்த்து 16 பிட்டாக, அதாவது இன்னும் பல மடங்கு நுண்ணிய படிகளாகக் கொடுத்தால் இது சரியாகும். கூடவே ஃபிரேம் நேரம் (எத்தனை நேரத்துக்கு ஒரு தரம் புது நிலை அனுப்பப்படுகிறது என்பது) 50 மில்லிசெகண்டில் இருந்தால் 25 ஆக்க வேண்டும், பேச்சுக்கு 50 போதாது. செய்ய முடியாதது இல்லை. ஆனால் முதல் வருடமே அதில் இறங்க வேண்டாம். பொட்டாங்கோவில் அசைவை வளைகோடாகவே வரைகிறீர்கள். ஆடியோவின் அலை வடிவம் கீழே தெரியும், கோட்டின் முனையைப் பிடித்து இழுத்தால் அசைவு மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும். கேம் கண்ட்ரோலரை இணைத்து, பொம்மலாட்டக்காரர் கையால் ஆட்டுவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே பதிவு செய்யவும் முடியும், பிள்ளைகளிடம் கொடுத்தால் உங்களைவிட நன்றாகச் செய்வார்கள்.

இப்போது இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும்: அக்டோபர் 31 இரவு வாசலில் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்குமா? ஓடும் என்றால் சிக்கலே இல்லை, பொட்டாங்கோவே ஆடியோவையும் அசைவையும் சேர்த்து ஓட்டும். வேண்டாம் என்றால் அசைவுகளை ஆர்டுயினோ கோடாக வெளியே எடுத்து போர்டிலேயே ஏற்றிவிடலாம். ஆர்டுயினோ ஊனோ போர்டில் மெமரி 32 கிலோபைட்தான், நீளமான பேச்சுக்கு மெமரி அதிகமுள்ள ஈஎஸ்பி32 போர்டு வாங்குங்கள். பேச்சை டிஎஃப்பிளேயர் மாதிரி சின்ன எம்பி3 மாட்யூல் ஒன்றில் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வைக்க வேண்டும். ஒருவேளை உங்கள் வீட்டில் ஏற்கெனவே விளக்கு ஷோ இருக்கிறது என்றால் நான் சொன்ன முடிவு மாறும்: அப்போது எக்ஸ்லைட்ஸில் செய்து, ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டரில் ஃபால்கன் பிளேயர் (ஷோவை ஓட்டும் புரோகிராம்) போட்டு, பிசிஏ9685 என்ற 16 சர்வோ போர்டு வழியாக ஓட்டுவதுதான் ஒழுங்கு. விளக்கும் எலும்புக்கூடும் ஒரே கடிகாரத்தில் ஓடும்.

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னால் தாடையின் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய மண்டை ஓட்டில் தாடையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் இருந்தால் கழற்றிவிடுங்கள், சர்வோ அதோடு மல்லுக்கட்டக் கூடாது. மூடிய நிலையில் மோட்டார் உர்ரென்று முனகினால் பல்லோடு பல்லை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சத்தம் நிற்கும் வரை துளித் துளியாகத் தளர்த்தி, அந்த எண்ணை எல்லையாகப் போட்டுவிடுங்கள். சர்வோக்களுக்கான மின்சாரத்தை போர்டிலிருந்து எடுக்காதீர்கள். எம்ஜி996ஆர் போன்ற சர்வோ மோட்டார் மாட்டிக்கொண்டு திணறும்போது ஒன்றே 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சாதாரண யூஎஸ்பி போர்ட் கொடுப்பது அரை ஆம்பியர். தனி அடாப்டர் வையுங்கள், ஆனால் கிரவுண்ட் வயரை போர்டோடு சேர்க்க மறக்க வேண்டாம்.

கேள்வி: டொரண்டோவில் வீட்டு முற்றத்தில் பாட்டுப் போட்டு எலும்புக்கூட்டைப் பாட வைக்கிறேன். ஒலிக்கேற்ப தானாக வாயசைக்கும் போர்டு வாங்கினேன், சாஃப்ட்வேர் எதுவும் இல்லை. பின்னணி இசைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. சாஃப்ட்வேருக்கு மாறினால்தான் சரியாகுமா?

பதில்: மாற வேண்டியதில்லை. அந்த போர்டுக்குச் சத்தம்தான் தெரியும், குரலும் மத்தளமும் அதற்கு ஒன்றுதான். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட் செய்யும் புரோகிராமில் ஒரு ஸ்டீரியோ ஃபைல் தயார் செய்யுங்கள். இடது சேனலில் குரல் மட்டும், வலது சேனலில் குரலும் இசையும் சேர்ந்து. இடதை போர்டுக்குக் கொடுங்கள், வலதை ஸ்பீக்கருக்கு. குரல் தனியாகக் கிடைக்காத பாட்டு என்றால், பாட்டைக் கேட்டுக்கொண்டே நீங்களே பாடிப் பதிவு செய்து இடது சேனலில் போடுங்கள். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை, அதை யாரும் கேட்கப் போவதில்லை, தாளம் சரியாக இருந்தால் தாடை சரியாக அசையும். வாய் எப்போதும் கொஞ்சம் பிந்துவதாகத் தோன்றினால் இடது சேனலை மட்டும் ஒரு 50 மில்லிசெகண்ட் முன்னால் நகர்த்திப் பாருங்கள், மோட்டார் நகர எடுக்கும் நேரம் அதில் ஈடாகிவிடும்.

கூட்டம் வரும்போது மைக்கில் நேரடியாகப் பேசவும் இந்த போர்டுதான் உங்களுக்குத் தோது. குழந்தை போட்டிருக்கும் வேஷத்தைப் பார்த்து எலும்புக்கூடு பேசும்போது கிடைக்கும் சந்தோஷத்தை முன்கூட்டி எழுதிவைத்த எந்த ஷோவும் தராது, போர்டை விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் மேக் மட்டும்தான். எலும்புக்கூட்டுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைக்கலாமா?

பதில்: பொட்டாங்கோ, எக்ஸ்லைட்ஸ் இரண்டும் மேக்கில் ஓடும், விக்சனும் விஎஸ்ஏவும் விண்டோஸுக்கு மட்டும். ப்ளூடூத் வேண்டாம். ஒலி போய்ச் சேருவதற்குள் தாடை அசைந்து முடிந்திருக்கும், அந்தத் தாமதமும் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். வயர் போட்ட ஸ்பீக்கரை எலும்புக்கூட்டின் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், குரல் அங்கிருந்து வந்தால்தான் அது பேசுவதாகத் தெரியும்.