எட்டு நாள் பயணம், பன்னிரண்டு மாதத் தவணை

கேள்வி: எனக்கு இது ஒன்பதாவது வாரம். முதல் குழந்தை. பிறந்துவிட்டால் அப்புறம் எங்கே போக முடியும் என்று, அதற்குள் வெளிநாட்டில் இரண்டு நகரங்களைச் சுற்றிவிட்டு வரலாம் என்கிறார் கணவர். பயண ஏஜென்ட் பன்னிரண்டு மாத வட்டியில்லாத் தவணை தருகிறாராம். இருவரும் வேலைக்குப் போகிறோம். கார், போன், சோபா என்று ஏற்கெனவே மூன்று தவணைகள் ஓடுகின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது. அவரோ, "வட்டியே இல்லை, என்ன பயம்?" என்கிறார். நான்தான் கஞ்சத்தனம் பண்ணுகிறேனா?

பதில்: கஞ்சத்தனம் இல்லை. பயணமும் தப்பில்லை, போய்விட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் சரியில்லாதது வேறு. ஒரு தவணை முடிவதற்குள் அடுத்ததை ஆரம்பிக்கும் பழக்கம். போன் தவணையில் பாதிகூடக் கட்டாதபோது சோபா வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயணம் அந்த வரிசையில் நான்காவதாக வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய தொகைகளை அப்படியே போடாமல், இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 100 என்று வைத்துக்கொள்கிறேன். படிக்கும் மற்றவர்களும் தங்கள் கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். கணவருடையது 55, உங்களுடையது 45. வாடகை 22, வீட்டுச் செலவு 30, அவருடைய பெற்றோருக்கு 8, மூன்று தவணைகளுக்கும் சேர்த்து 21. மொத்தம் 81. மீதி 19 எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்கிறீர்கள். கையில் இருக்கும் சேமிப்பு 90.

பயணச் செலவு 120, மாதம் 10 வீதம். இன்றைய சம்பளத்தில் அந்த 10 தாங்கும் என்பதுதான் உங்கள் கணவரின் வாதம். இன்றைக்குத் தாங்கும், சரி. ஆனால் தவணை ஓடப்போவது அடுத்த ஆண்டின் சம்பளத்தில். இருபதாவது வாரத்தில் கிளம்புகிறீர்கள் என்று வையுங்கள். நான்கரை மாதத்தில் பிரசவம். அதன் பிறகு அலுவலகம் மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. இன்னும் மூன்று மாதம் சம்பளமில்லாமல் எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று மாதங்கள் வந்து விழுவது எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது தவணைகளின் மேல்!

அப்போது வீட்டுக்கு வருவது 55. ஒன்று முடிந்தால் இன்னொன்று என்ற தவணைப் பழக்கம் தொடர்ந்தால், போவது 81-உம் 10-உம், ஆக 91. மாதம் 36 துண்டு விழும். மூன்று மாதத்துக்கு 108. சேமிப்பு 90-ஐயும் துடைத்துப் போட்டாலும் 18 போதாது. குழந்தைக்கென்று இன்னும் ஒரு டயப்பர்கூட நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பள்ளத்தைக் கிரெடிட் கார்டுதான் நிரப்பும். அதற்கு வட்டி உண்டு.

வட்டியில்லாத் தவணை என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஏஜென்டிடம், "மொத்தமாக இன்றே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். 112-க்குத் தருகிறேன் என்று அவர் சொன்னால், செயலாக்கக் கட்டணம் 2 வேறு இருந்தால், நீங்கள் 112-க்குப் பதிலாக 122 கட்டுகிறீர்கள். பாக்கி மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டிக் கணக்கில் இது சுமார் 16 சதவீதத்துக்குச் சமம். வட்டி எங்கும் போய்விடவில்லை, விலைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, மருத்துவர் போக வேண்டாம் என்று சொல்லிப் பயணம் ரத்தானாலும் பெரும்பாலும் தவணை தானாக ரத்தாகாது. ரத்து விதிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? உங்களிடம் நேரம் இருக்கிறது. எப்படியும் மசக்கை அடங்கிய பிறகுதான் கிளம்ப முடியும். பல விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சான்று கேட்கின்றன. சிக்கலில்லாத ஒற்றைக் கருவாக இருந்தாலும் 36 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. பார்க்க வேண்டியது திரும்பி வரும் தேதியை, கிளம்பும் தேதியை அல்ல. 23-ஆவது வாரம் என்று முடிவு செய்தால் நடுவில் மூன்று சம்பளம் வரும். எங்கே போகிறது என்று தெரியாத அந்த 19-இலிருந்து, சம்பளம் வந்த அன்றே 15-ஐத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். 45 சேரும். உங்கள் பயணத்தின் அளவு அதுதான்.

120 எப்படி 45 ஆகும் என்று கணவர் கேட்பார். நீங்கள் அனுப்பிய பயணச் செலவுப் பட்டியலைப் பார்த்தேன். கர்ப்பகாலப் புகைப்படப் படப்பிடிப்புக்கு 10. "பேபிமூன்" (குழந்தை பிறப்பதற்கு முன் தம்பதி போகும் உல்லாசப் பயணம்) என்று பெயர் வைத்துவிட்டால் எதற்கும் தனி விலை போட்டுவிடுகிறார்கள். போனிலேயே படம் எடுங்கள். நாத்தனார் கொடுத்த சாமான் பட்டியலுக்கு 15. அவர் பணத்தை முன்கூட்டியே அனுப்பினால் வாங்கி வரலாம், இல்லையென்றால் பெட்டியில் இடமில்லை. இதை அவரிடம் உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல. மீதி 95. இரண்டு நகரத்துக்குப் பதில் ஒன்று, எட்டு நாளுக்குப் பதில் நான்கு, விமானத்தில் குறைந்த நேரத்தில் போகக்கூடிய ஊர் என்றால் கிட்டத்தட்ட பாதியாகும். ஆறாம் மாத வயிற்றோடு நகரம் விட்டு நகரம் பெட்டியை இழுக்கும் ஆசை உங்களுக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

கூடவே ஒரு நிபந்தனை: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை புதிய தவணை எதுவும் கூடாது. சம்பளமில்லாத மாதங்கள் தொடங்குவதற்குள் போனும் சோபாவும் முடிந்து 7 குறையும். அந்த மாதங்களில் 55 வரும், 74 போகும். துண்டு 19, மூன்று மாதத்துக்கு 57. சேமிப்பில் 33 மிஞ்சும். பிரசவச் செலவை அலுவலகக் காப்பீடு ஏற்பதாக எழுதியிருக்கிறீர்கள். உச்சவரம்பு எவ்வளவு என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காப்பீட்டு ஏஜென்ட் விற்கும் "குழந்தைச் சேமிப்பு-காப்பீட்டுத் திட்டம்" இப்போது வேண்டவே வேண்டாம். அது முதலீட்டைக் காப்பீட்டோடு குழப்பி, நீண்ட காலத்துக்குக் கட்டிப்போடும் இன்னொரு தவணை. பயணக் காப்பீடு மட்டும் கட்டாயம். ஆனால் கர்ப்பகாலச் சிக்கலை எத்தனையாவது வாரம்வரை ஏற்கிறார்கள், அங்கேயே குறைமாதத்தில் குழந்தை பிறந்தால் அதன் சிகிச்சைக்கும் பணம் உண்டா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இரண்டாவது கிடையாது. ஹோட்டலை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தில் போடுங்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே கார்டு தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணத்திலா, அந்த ஊர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்டால், அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.