கவரிமாவும் கரிநெருப்பும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். மானம் பற்றி நீங்கள் போன மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மானம் போனால் உயிரையே விட்டுவிடுவார்கள் என்கிற ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ குறளைச் சொல்லி, அப்படி வாழ்ந்தவர்கள் நம் முன்னோர் என்று முடித்திருந்தீர்கள். படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 44. 4டி லாட்டரியில் தொடங்கி சூதாட்டக்கூடத்தில் போய் விழுந்தவன். வங்கிக் கடன், மச்சானிடம் கடன், கடைசியில் கடன்முதலை. ஒருநாள் விடியற்காலையில் எங்கள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டு, மாடிப்படிச் சுவரில் வீட்டு எண்ணையும் கிறுக்கிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் செருப்பிலும் சாயம். என் மகள் பள்ளிச் சீருடையோடு அதைத் தாண்டிக்கொண்டுதான் போனாள்.

அதெல்லாம் ஓய்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போலீசில் புகார் கொடுத்தோம். என்னை உள்ளே விடக்கூடாது என்று சூதாட்டக்கூடத்துக்கான சுயவிலக்குக்கு நானே விண்ணப்பித்துவிட்டேன். மச்சானுக்கு மாதம் 400 சிங்கப்பூர் வெள்ளி திருப்பிக் கொடுத்து வருகிறேன். கர்த்தர் மன்னித்துவிட்டார் என்றும் நம்புகிறேன். ஆனால் ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களை வாசலில் விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிரே கோப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் விஷயம் ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சபை முழுக்கப் போய்விட்டது. பழைய நண்பர் ஒருவர் மட்டும் இன்னும் போன் செய்கிறார், கோப்பி குடிக்கலாம் வா என்கிறார். யாரும் எனக்காக ஒரு காசு செலவழிப்பதை இப்போது என்னால் தாங்க முடியவில்லை, அதனால் எடுப்பதில்லை. சபைக்கு முன்னால் மேடையேறி என் கதையைச் சாட்சியாகச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒரு மூப்பர். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. எனக்கு விசுவாசம் போதவில்லையா அண்ணே?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தக் குறள். அதன் ஓசைக்காக எழுதினேன் என்பதுதான் உண்மை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது, மானம் என்று எழுதத் தொடங்கினாலே பேனா அங்கே போய் நிற்கும். பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று ஒருவர் அதைப் படிக்கக்கூடும் என்று நான் யோசிக்கவில்லை. தவறு என்னுடையது. அப்படி ஒரு நினைப்பு எந்த ராத்திரியில் வந்தாலும் 1767ஐ அழையுங்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். என் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

அதற்காக வள்ளுவரை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனமில்லை. மானம் 97ஆம் அதிகாரம். ஐந்து அதிகாரம் தள்ளி நாணுடைமை வருகிறது. அதன் முதல் குறள், ‘கருமத்தான் நாணுதல் நாணு’. செய்த செயலுக்காகக் கூசுவதுதான் நாணம் என்கிறார். அந்த நாணம் உங்களிடம் இருக்கிறது. மாதாமாதம் மச்சான் கைக்குப் போகிற 400 வெள்ளியும், சூதாட்டக்கூடத்துக்கு நீங்களே போய்ப் போட்டுக்கொண்ட பூட்டும் வேறென்ன? (அந்தப் பூட்டை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். விசுவாசம் இருக்கிறதே, இனி எதற்கு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உள்ளே நுழைய ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டச் சொல்கிறார்கள். அந்த 150ஐ எடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று விடிய விடிய உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.)

உங்களை இப்போது கோப்பிக்கடையில் உட்கார வைத்திருப்பது வேறு ஒன்று. செயல் முடிந்துவிட்டது, முகம் மிச்சமிருக்கிறது. வாசலில் பாட்டுப்புத்தகம் கொடுப்பவர் உங்களைப் பார்க்கும் அந்த அரை நொடி. கர்த்தர் மன்னித்தார் என்பதால் மட்டும் அந்த அரை நொடி சுலபமாகிவிடுமா? ஆகாது. அதற்கும் விசுவாசக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. இதற்கு நம்மிடம் பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார், இயேசுவின் சீஷனான பேதுரு.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களுக்குக் காட்சி கொடுப்பது அது மூன்றாவது தடவை. அதாவது, பூட்டிய வீட்டுக்குள் வந்து ‘உங்களுக்குச் சமாதானம்’ என்று அவர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பேதுரு மீன்பிடிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறான். அது அவனுடைய கோப்பிக்கடை என்று எனக்குத் தோன்றும். சமாதானம் கிடைத்தவன், ஆனால் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவன். என்ன முகத்தோடு அவர் முன்னால் நிற்பது?

விடியற்காலையில் கரையில் கரிநெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன் இருக்கிறது. இந்தக் கரிநெருப்பு என்ற சொல்லை நிதானமாகப் பாருங்கள். பிரதான ஆசாரியன் முற்றத்தில், குளிர் காய்ந்துகொண்டே பேதுரு மறுதலித்தானே, அங்கேயும் எரிந்தது கரிநெருப்புதான். கிரேக்க மூலத்தில் புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. அதே புகை வாசத்துக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைக்கிறார். மறுதலித்ததைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அவர் கூப்பிடுவது ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’. சாப்பிட்டு முடித்த பிறகுதான் ‘என்னில் அன்பாயிருக்கிறாயா’ என்ற கேள்வி. அதையும் தேவாலயத்து மண்டபத்தில் வைத்துக் கேட்கவில்லை. அன்று அந்தக் கரையில் இருந்த சீஷர்கள் ஏழே பேர், பேதுருவையும் சேர்த்து. இன்னொன்றும் உண்டு. வெட்கப்பட்டவன் இருக்கும் இடத்துக்கு அவர்தான் வந்தார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2003, சார்ஸ் தொற்றுநோய் வந்த வருடம். எனக்கு வேலை போய்விட்டது. ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வை வேலை பார்த்துவந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் அதே சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பி, ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் அப்போதிருந்த பழைய தேசிய நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம் 2004இல் மூடப்பட்டு, சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டுவிட்டது. இடித்தபோது ஊரே வருத்தப்பட்டது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, இதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

அங்கே பேப்பர் படிக்க எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் வருவார். ஓய்வு பெற்ற வாத்தியார். முதல் நாள் என்னைப் பார்த்தார், தலையசைத்தார். மறுநாள் என் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் பாதியை என் டப்பா மூடியில் வைத்தார். மூன்று நாள் இப்படியே போனது, ஒரு கேள்வி கிடையாது. நான்காம் நாள், “வீட்டுக்குத் தெரியுமா தம்பி?” என்றார். அன்று சாயங்காலம் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை சோபாவின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து ஜெபம்கூடப் பண்ணவில்லை. என் மனைவி கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம், “ரெண்டு மாசமா உங்க சட்டையில எண்ணெய் வாசமே இல்ல. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்” என்றாள்.

அந்தப் பெரியவர் என்னைப் பற்றி யாரிடமும் ஜெபக்குறிப்பு சொல்லவில்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். ஒருவருடைய கதவில் ஊற்றிய சாயத்தை வாட்ஸ்அப்பில் இன்னொரு தடவை ஊற்றிவிட்டு, ‘பாரத்தோடு ஜெபிப்போம்’ என்று போடுவது புறணி. கர்த்தர் பெயரைப் போட்டால் அது வேறொன்றாகிவிடாது. அனுப்பியவர்கள் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்காமலும் போகலாம்.

சாட்சி சொல்வது பற்றி. வேண்டாம், இப்போது வேண்டாம். ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பது உங்களுக்கு மருந்தாக இருக்காது, பார்ப்பவர்களுக்கு வேண்டுமானால் மனம் குளிரும். ஆறின புண்ணைக் காட்டலாம். ஆறாததைக் காட்டினால் ஈ மொய்க்கும். ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்றுதான் யாக்கோபு எழுதுகிறார். ஒருவருக்கு ஒருவர். மூப்பரிடம் இதை மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

மெதடிஸ்ட்காரன் என்பதால் எங்கள் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் வாரம்தோறும் கூடிப் பேசிய ‘கிளாஸ் மீட்டிங்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பன்னிரண்டு பேர் அளவில் ஒரு குழு. அது எப்படிப் பிறந்தது தெரியுமா? கடனில் பிறந்தது. 1742இல் பிரிஸ்டல் நகரத்தில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். ஏழைகள் எங்கே போவார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, இருப்பதிலேயே ஏழைகளான பதினோரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுகிறேன் என்றார். அப்படி வாரம்தோறும் வீடு வீடாகக் காசு வாங்கப் போனவர்களுக்குத்தான் ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடக்கிறது என்று தெரியவந்தது. வசூல் மெல்ல விசாரிப்பாக மாறியது. கடன்காரர்கள் என்று கூசாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த இடம் அது.

உங்களுக்கும் ஒரு கேப்டன் இருக்கிறார், நீங்கள்தான் போனை எடுப்பதில்லை. ஆலயத்துக்குள் போவதைப் பற்றி இப்போதைக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நண்பரை வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உட்காரும் கோப்பிக்கடைக்கே வரச் சொல்லுங்கள். ஒரு வாரம் அவர் ஆராதனைக்குப் பிந்தினால் கர்த்தர் கோபிக்க மாட்டார். சாயம் ஊற்றிய கதையை அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தீர்களா இல்லையா என்று அங்கிருந்துகூடத் தொடங்கலாம். இல்லையென்றால் திரும்பும் வழியில் இரண்டு பேருமாகப் போய் வாங்குங்கள்.

கோப்பிக்குக் காசு அவர் கொடுப்பார். தடுக்காதீர்கள்.