பழைய கார்ட்ரிட்ஜ்களும் 400 ஜிபி கார்டும்: ஸ்விட்ச் 2-க்கு மாறலாமா?

வணக்கம். நிண்டெண்டோவின் புதிய கேம் கருவியான ஸ்விட்ச் 2-க்கு மாறினால், முதல் ஸ்விட்சுக்கு முந்தைய கருவியான வீ யூ வாங்கியவர்களை, அதன் டிஸ்க்குகள் ஸ்விட்சில் ஓடாமல், அம்போவென விட்டது போல இப்போதும் நடக்குமா, உங்கள் ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ்களும் 400 ஜிபி மைக்ரோஎஸ்டி கார்டும் வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த நிலைமை வேறு. வீ யூ மொத்தம் விற்றதே 1.36 கோடிதான், முதல் ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. அவ்வளவு பேரை இழக்க விரும்பாமல்தான் ஸ்விட்ச் 2-இல் பழைய கார்ட்ரிட்ஜையே போட்டு ஆட வைத்திருக்கிறார்கள். சில கேம்கள் மட்டும் தகராறு செய்யும். நிண்டெண்டோ தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கார்டுதான் சிக்கல். ஸ்விட்ச் 2-இல் கேம் சேமிக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான புதிய வகை கார்டே வேண்டும். பழைய கார்டிலிருந்து ஸ்க்ரீன்ஷாட், வீடியோவை மட்டும் எடுக்கலாம். கேம்களை மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டும். கருவிக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடம் 256 ஜிபி.

நீங்கள் ஆடி முடித்த இடத்தைப் பதிந்துவைக்கும் சேவ் ஃபைல்கள் கார்டில் இருக்காது, கருவிக்குள்தான் இருக்கும். ஆகவே பழையதை விற்கும் முன் இரண்டையும் அருகருகே வைத்து, சார்ஜரில் செருகி, எல்லாவற்றையும் புதிய கருவிக்கு மாற்றும் சிஸ்டம் டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். சர்வரில் ஏற்றும் வழியைத் தேர்ந்தெடுத்தால் பழைய கருவி ரீசெட் ஆகி அதிலுள்ளது அழிந்துவிடும், கவனம்.

வளையத்தைப் பிடித்து உடற்பயிற்சி செய்யும் ரிங் ஃபிட் கேமை ஆடுபவரென்றால், பழைய ஜாய்-கானை (ஸ்விட்சின் கழற்றக்கூடிய கன்ட்ரோலர்) விற்காதீர்கள். புதியது அந்த வளையத்தில் பொருந்தாது. பழையது ஸ்விட்ச் 2-இல் வயர்லெஸ்ஸாக வேலை செய்யும், ஆனால் பழைய ஸ்விட்ச் இல்லையென்றால் சார்ஜ் ஏற்றத் தனி சார்ஜிங் கிரிப் வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஸ்விட்ச் 2-இன் சில கேம்கள் வரும் கேம்-கீ கார்டு. அதில் கேம் இருக்காது, கேமை டவுன்லோடு செய்து ஆடுவதற்கான திறவுகோல் மட்டுமே. டவுன்லோடு சர்வர் மூடிய பிறகு, கேமை முன்பே இறக்கி வைத்திருக்காவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக். பெட்டியின் முன்பக்கம் கீழே கேம்-கீ கார்டு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.