வாசகர் கேள்வி–பதில்: சிகாகோவின் வினோதக் கேள்விகள்

கேள்வி: சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு விண்ணப்பப் படிவத்தை மாற்றக்கூடாது என்று மாணவர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்களாமே? படிவத்தில் அப்படி என்ன இருந்தது?

பதில்: அமெரிக்காவில் 1975-இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து 'காமன் அப்ளிகேஷன்' என்ற பொதுப் படிவத்தைத் தொடங்கின. ஒருமுறை நிரப்பினால் பல கல்லூரிகளுக்கும் அனுப்பலாம். சிகாகோ நெடுங்காலம் அதில் சேரவில்லை. தன் தனிப் படிவத்துக்கு 'அன்காமன் அப்ளிகேஷன்' என்றே பெயர் வைத்திருந்தது. அதன் உயிர்நாடி கட்டுரைக் கேள்விகள்தான். "புதன்கிழமையைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று ஓர் ஆண்டு கேட்டார்கள். இன்னோர் ஆண்டு, மொத்தக் கடையில் விற்கும் ராட்சத மஸ்டர்ட் (கடுகுச் சாஸ்) ஜாடியை வைத்து ஏதாவது எழுதச் சொன்னார்கள். பின்னாளில் வெறுமனே "எக்ஸ்-ஐக் கண்டுபிடி" என்றும் கேட்டார்கள்.

2006-இல் பொதுப் படிவத்துக்கு மாறப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்ததும் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் கொதித்துப்போனார்கள். ஃபேஸ்புக்கில் குழு தொடங்கினார்கள்; 'சிகாகோ மரூன்' என்ற மாணவர் இதழில் விவாதம் நடந்தது. படிவத்தைப் பார்த்ததுமே இந்த இடம் தனக்கு ஒத்துவருமா என்று மாணவருக்குத் தெரிந்துவிடுகிறது, மினுக்கலான பெயருக்காக மட்டும் வருபவர் அந்தக் கேள்வியைப் பார்த்தே விலகிவிடுவார் என்பது அவர்கள் வாதம். நிர்வாகத்தின் வாதமும் லேசானதல்ல. தனிப் படிவம் என்றால் தனி வேலை. வழிகாட்ட ஆளில்லாத பள்ளிகளில் படிப்பவர்களும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்களும் அந்தக் கூடுதல் வேலையைப் பார்த்தே பின்வாங்கிவிடுகிறார்கள்.

2008 இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்தவர்கள் பொதுப் படிவம் வழியாகவே வந்தார்கள். ஆனால் வினோதக் கேள்விகள் போகவில்லை. பொதுப் படிவத்தோடு சேரும் 'சப்ளிமென்ட்' பகுதியில் இன்றுவரை இருக்கின்றன.

கேள்வி: அப்படியென்றால் மாணவர்கள் வீணாகத்தானே கூச்சல் போட்டார்கள்?

பதில்: இல்லை. படிவம் வேறு, கேள்வி வேறு. பெயர், முகவரி, மதிப்பெண், பெற்றோரின் படிப்பு ஆகியவற்றை ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக நிரப்ப வைப்பதால் யாருடைய அறிவும் வெளிப்படாது. அதை விட்டுக்கொடுத்தது சரி. கேள்வியையும் சேர்த்துக் கைவிட்டிருந்தால் நட்டம்தான். அது தப்பியதில் மாணவர்களின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு என்றே சொல்வோம். இன்னொன்று: இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்தவை அல்ல. ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் தன் மாணவர்களிடமும் புதிதாக இடம் பெற்றவர்களிடமும் கேள்விகளைக் கேட்டு வாங்குகிறது. மாணவர்கள் காக்க நினைத்தது தங்கள் கைப்பொருளை.

விண்ணப்பம் எளிதானால் கூட்டம் கூடும் என்று அவர்கள் அஞ்சியதும் நடந்தது. 2000-களின் நடுவில் விண்ணப்பித்த 100 பேரில் ஏறத்தாழ 40 பேருக்கு இடம் கிடைத்தது. 2013-இல் அது 9-க்கும் கீழே போனது. பொதுப் படிவம் மட்டும் காரணமல்ல. 2009-இல் வந்த புதிய அட்மிஷன் தலைமை ஆள் சேர்ப்பு விளம்பரத்தைத் தீவிரமாக்கியதும் சேர்ந்துகொண்டது. விண்ணப்பம் எளிதானது, இடம் அரிதானது.

கேள்வி: என் மகள் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கிறாள். வினோதக் கேள்வியைப் பார்த்ததும் திகைத்து நிற்கிறாள். எப்படி அணுக வேண்டும்?

பதில்: முதலில் வேலையின் அளவைப் புரிந்துகொள்ளட்டும். ஆகஸ்ட் 1 அன்று காமன் அப்ளிகேஷன் அந்த ஆண்டுக்குத் திறக்கும். அதில் 250 முதல் 650 சொற்களுக்குள் ஒரு பொதுக் கட்டுரை உண்டு. எல்லாக் கல்லூரிக்கும் போவது அது ஒன்றுதான். கல்லூரிப் பட்டியலில் சிகாகோவைச் சேர்த்த பிறகுதான் படிவத்தில் அதன் கூடுதல் கேள்விகள் கண்ணில் படும். பலர் கடைசி வாரத்தில் சேர்த்துவிட்டு, இரண்டு கட்டுரை பாக்கி இருப்பதை அப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள். முதலாவது, "சிகாகோ ஏன்?" என்ற கட்டாயக் கேள்வி. இரண்டாவதுதான் வினோதக் கேள்வி. தந்திருப்பவற்றில் ஒன்றை எடுக்கலாம், பழைய ஆண்டுக் கேள்வி ஒன்றை எடுக்கலாம், சொந்தமாக ஒன்றை உருவாக்கியும் எழுதலாம். ஒரு பக்கத்திலிருந்து இரண்டு பக்கம் போதும். முன்கூட்டி விண்ணப்பிக்கக் கடைசி நாள் நவம்பர் 1. வழக்கமான சுற்றுக்கு ஜனவரித் தொடக்கம். செப்டம்பரிலேயே முதல் வரைவு இருந்தால் மூன்று முறையாவது திருத்த நேரம் கிடைக்கும்.

இனி எழுதும் முறை. புதன்கிழமைக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பத்தில் எட்டுப் பேர் "வாரத்தின் நடுநாள், சலிப்பான நாள்" என்று தொடங்கி நகைச்சுவைக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது பத்தியில் சரக்கு தீர்ந்துவிடும். காரணம், கேள்விக்கு அவர்கள் பதில் சொல்கிறார்களே தவிர, அதிலிருந்து இன்னொரு கேள்வியை எடுப்பதில்லை.

இப்படி எடுக்கலாம்: நாளுக்குச் சூரியன் கணக்கு, மாதத்துக்கு நிலா கணக்கு. ஏழு நாள் வாரத்துக்கு வானத்தில் அப்படி ஒரு சுற்று கிடையாது. ஆகவே புதன்கிழமை என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அதை மாற்றியும் பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-இல் பத்து நாள் வாரம் கொண்டுவந்தார்கள். சோவியத் ஒன்றியம் 1929-இல் ஐந்து நாள் வாரத்தையும், 1931-இல் ஆறு நாள் வாரத்தையும் நடைமுறைப்படுத்தி, 1940-இல் ஏழுக்கே திரும்பியது. அரசு ஆணையால் ஏன் வாரத்தை அசைக்க முடியவில்லை? இதுதான் கட்டுரையின் முதுகெலும்பு. அடுத்து உங்கள் மகளின் சொந்தச் சான்று வர வேண்டும்: வீட்டில் எது வாரக் கணக்கில் நடக்கிறது, அது நின்றால் யார் முதலில் தடுமாறுவார். வரலாறு மட்டும் இருந்தால் பொது அறிவுக் கட்டுரை; வீடு மட்டும் இருந்தால் நாட்குறிப்பு. இரண்டும் ஒன்றையொன்று சோதிக்கும்போதுதான் படிப்பவருக்கு ஒரு மனம் வேலை செய்வது தெரியும்.

வேறு விண்ணப்பத்துக்கு எழுதிய கட்டுரையின் தலையில் ஒரு புதன்கிழமையை ஒட்டி அனுப்பினால் முதல் பத்திக்கும் இரண்டாம் பத்திக்கும் நடுவே தையல் தெரியும். "சிகாகோ ஏன்?" கட்டுரையில் இன்னொரு கல்லூரியின் பெயர் தங்கிவிடுவதும் ஆண்டுதோறும் நடப்பது. இணையப் பெட்டியில் ஒட்டினால் பத்தி இடைவெளி, சாய்வெழுத்து குலையலாம். அனுப்புமுன் முன்தோற்றக் கோப்பைத் திறந்து முழுவதும் வாசித்துவிடுங்கள்.

கேள்வி: கவிதையாக, நாடகமாக எழுதினால் மதிப்பெண் கூடுமா?

பதில்: அதற்காக மதிப்பெண் கூடுவதில்லை. சிந்தனைக்கு அந்த வடிவம் தேவையாக இருந்தால் எழுதலாம். உரைநடையில் சொன்னால் ஒன்றும் இழக்காத கருத்தை வசனமாக உடைத்துப் போட்டால் வித்தை காட்டுவது போலத்தான் தெரியும்.

கேள்வி: இப்படிப்பட்ட கட்டுரையை நம்பியே இடம் தரும் கல்லூரி வேறு இருக்கிறதா?

பதில்: நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரி 2013-இல் தொடங்கிய நுழைவுத் தேர்வைப் பாருங்கள். தொடங்கியபோது, தந்திருந்த தலைப்புகளில் 4 கட்டுரைகள் கேட்டார்கள், ஒவ்வொன்றும் 2,500 சொற்கள். பேராசிரியர்களே திருத்துவார்கள். அதில் தேறினால் வழக்கமான விண்ணப்பமும் மதிப்பெண் போட்டியும் இல்லாமலே இடம் பெறலாம் என்பதுதான் அந்தத் திட்டம். சிகாகோவில் கதை அப்படியில்லை. பள்ளி மதிப்பெண், எடுத்த பாடங்களின் கடினம், ஆசிரியர் பரிந்துரைகள் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் கட்டுரையைப் படிப்பார்கள்; கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் அல்லது ஏ.சி.டி. தேர்வு 2018 அறிவிப்புக்குப் பிறகு அங்கே கட்டாயமில்லை. பள்ளிப் பாடத்தில் பெரிய ஓட்டை இருந்தால் புதன்கிழமைக் கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை அடைக்காது.