'தி தின் மேன்' (The Thin Man, 1934) படத்தின் தலைப்பில் வரும் அந்த ஒல்லி மனிதர் யார், துப்பறியும் நிக் சார்ல்ஸா?

இல்லை, நிக் இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், தப்பும் அவர்கள் மேல் இல்லை. (படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கொலையாளி யார் என்று சொல்லப்போவதில்லை என்றாலும் முக்கியமான ஒரு திருப்பம் போய்விடும்.)

ஒல்லி மனிதர் என்பது காணாமல் போகும் கண்டுபிடிப்பாளர் வைனண்ட். அவருடைய காதலி கொலையானதும் போலீஸ் முதல் ஊர் வரை எல்லோரும் அவரைத்தான் சந்தேகிக்கிறார்கள். அப்புறம் அவருடைய பட்டறைத் தரைக்கு அடியில் ஒரு எலும்புக்கூடு கிடைக்கிறது, கூடவே ஒரு குண்டு மனிதரின் உடைகள். சரி, யாரோ ஒரு குண்டு மனிதர் என்று போலீஸ் முடிவுகட்டும்போது, காலில் பழைய போர்க்காயத்தின் உலோகத்துண்டு இருப்பதை வைத்து அது வைனண்ட்தான் என்று நிக் கண்டுபிடிக்கிறார். தேடப்பட்ட ஆள் எப்போதோ செத்துப்போனவர்! தலைப்பே துப்பு என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

குழப்பம் எங்கே வந்தது என்றால், டாஷியல் ஹாமெட்டின் நாவலை வைத்து எடுத்த இந்தப் படம் நன்றாக ஓட, ஹாலிவுட் ஸ்டுடியோ எம்ஜிஎம் 1947 வரை இன்னும் ஐந்து படங்கள் எடுத்தது, வைனண்ட் கதை முடிந்த பிறகும் எல்லாத் தலைப்பிலும் 'தின் மேன்' ஒட்டிக்கொண்டது. ஆறிலும் நிக்காக வந்த வில்லியம் பவலும் ஒல்லியாக இருந்தாரா, பெயர் அவர் தலையில் விழுந்துவிட்டது.