அமெரிக்காவின் மேற்கு மாநிலம் எதிலாவது காங்கிரகேஷனல் சபையினர் அரசியலில் முக்கியமாக இருந்தார்களா?

ஓரிகன், வாஷிங்டன் என்று போனால் கல்லூரி தொடங்கிய போதகர்கள் சிலரைச் சொல்லலாம். ஆனால் ஒரு நாட்டுக்கே அரசியல் சாசனம் எழுத உதவி, ஐம்பது வருடத்தில் அதே நாட்டைக் கவிழ்த்த காங்கிரகேஷனல் குடும்பங்களைப் பார்க்க ஹவாய்க்குத்தான் போக வேண்டும். அதனால் ஹவாயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது பாட்டியால். மதுரைப் பக்கத்துக்காரர். 1947-இல் எல்லாம் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) ஆன பிறகும் "நாங்க அமெரிக்கன் மிஷன் கோயில்" என்றே கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மிஷன் பாஸ்டனில் இருந்து மிஷனரிகளை அனுப்பிய ஒரு போர்டு. பிஷப் கிடையாது, ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே கூடித் தீர்மானிக்கும் என்ற நியூ இங்கிலாந்து காங்கிரகேஷனல் மரபில் வந்தவர்கள் தொடங்கியது. அதே போர்டு 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும், 1820-இல் ஹவாய்க்கும், 1834-இல் மதுரைக்கும் ஆள் அனுப்பியது. வட்டுக்கோட்டையில் செமினரி வந்தது 1823-இல். ஹவாயில் லஹைனாலூனா பள்ளி 1831-இல்.

இங்கே வெள்ளைக்காரன் ஆட்சி. மிஷனரிகள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியோடு நின்றார்கள். அங்கே சொந்த ராஜா இருந்தார், அவரைச் சுற்றி ஐரோப்பியக் கப்பல்கள் மிரட்டிக்கொண்டிருந்தன. சட்டம், ஒப்பந்தம் எல்லாம் தெரிந்த ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. அரசியலில் தலையிடக் கூடாது என்பது போர்டின் உத்தரவு. எனவே வில்லியம் ரிச்சர்ட்ஸ் 1838-இல் மிஷனை விட்டு விலகி மூன்றாம் கமேஹாமேஹாவின் ஆலோசகரானார். 1839 உரிமைப் பிரகடனம், 1840 அரசியல் சாசனம் இரண்டிலும் அவருக்குப் பங்கு உண்டு. லஹைனாலூனாவில் படித்த ஹவாயர்களின் பங்கும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தவர் டாக்டர் கெரிட் ஜட். 1843 பிப்ரவரியில் பாலெட் என்ற பிரிட்டிஷ் கேப்டன் ஹொனலூலுவைப் பிடித்துக்கொண்டார். ஜட் அரசாங்கத் தஸ்தாவேஜுகளைத் தூக்கிக்கொண்டு போய் அரச குடும்பத்துக் கல்லறையில் ஒளித்துவைத்தார். ராத்திரியில் அங்கே விளக்கேற்றி, ராணி காஅஹுமானுவின் சவப்பெட்டியையே மேஜையாக வைத்து லண்டனுக்குப் போக வேண்டிய கடிதங்களை எழுதினார். ஜூலை 31 அன்று பிரிட்டிஷ் அட்மிரல் தாமஸ் ஹவாய்க் கொடியைத் திரும்ப ஏற்றினார். இவர்களை வெறும் ஆக்கிரமிப்பாளர்கள் என்று ஒரே வரியில் என்னால் தள்ள முடியாததற்கு அந்தச் சவப்பெட்டி மேஜைதான் காரணம்.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் விஷயம் வேறு. கரும்புத் தோட்டம் பெருகி, நிலமும் பணமும் சேர்ந்துவிட்டன. முதல் மிஷனரிக் கூட்டத்தில் வந்த ஏசா தர்ஸ்டனின் பேரன் லாரின் தர்ஸ்டன். 1887-இல் அரசர் கலாகௌவாவைத் துப்பாக்கி முனையில் கையெழுத்துப் போடவைத்த சாசனத்தில் முக்கிய ஆள். சொத்தும் வருமானமும் இருந்தால்தான் மேல்சபைக்கு ஓட்டு, ஆசியர்களுக்கு ஓட்டே இல்லை என்றது அது. கூடி ஓட்டுப்போட்டு முடிவெடுக்கும் சபையில் வளர்ந்தவர்கள் செய்த வேலை இது. 1893 ஜனவரி 17-இல் ராணி லிலியுவோகலானி கவிழ்க்கப்பட்டார். புதிய அரசின் தலைவர் சான்ஃபோர்ட் டோல், புனாஹோ பள்ளியின் முதல் ஆசிரியரான மிஷனரியின் மகன். ஹவாய் அமெரிக்கப் பிரதேசமான பிறகு 1900-இல் அதன் முதல் ஆளுநரும் அவரே. (அன்னாசி டப்பாவில் இருக்கும் டோல் இவர் இல்லை, தூரத்து உறவு ஜேம்ஸ் டோல்.) எதிரிகள் இந்தக் கூட்டத்தை "மிஷனரி கட்சி" என்றே அழைத்தார்கள்.

சரி, எதிர்த்தவர்கள் யார்? ராணியே மிஷனரி தம்பதி நடத்திய அரச பள்ளியில் படித்தவர், ஹொனலூலுவின் கவையாஹாவோ என்ற காங்கிரகேஷனல் சபையில் பாடகர் குழுவை நடத்தியவர். கவிழ்ப்புக்குப் பிறகு அவர் ஆங்கிலிக்கன் சபைக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கிய ஜோசஃப் நாவஹி ஹீலோ மிஷன் பள்ளியிலும் லஹைனாலூனாவிலும் படித்தவர். அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து 1897-இல் 21,000-க்கு மேற்பட்டோர் பெயர் எழுதிக் கொடுத்த மனு ஹவாய் மொழியிலும் இருந்தது. அந்த மொழியை எழுத்தில் கொண்டுவந்து ஊரெல்லாம் படிக்கக் கற்றுக்கொடுத்தது அதே மிஷன். அமெரிக்க செனட்டில் இணைப்பு ஒப்பந்தம் நிறைவேறவில்லை, ஆனால் அடுத்த வருடமே கூட்டுத் தீர்மானம் என்ற வேறு வழியில் தீவுகளை எடுத்துக்கொண்டார்கள்.

கவையாஹாவோ கோயிலை ஹொனலூலு போனபோது பார்த்தேன். கடலுக்கடியில் வெட்டியெடுத்த பவளக் கல்லால் கட்டி 1842-இல் முடித்தது. ராணியைச் சிறைவைத்த இயோலானி அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது. 1959-இல் ஹவாய் மாநிலமாகப் போகும் செய்தி வந்ததும் அந்தக் கோயிலில் பிரசங்கம் செய்தவர் ஏப்ரஹாம் அகாகா என்ற ஹவாய்ப் பூர்வகுடிப் போதகர். அவருடைய தம்பி டேனியல் அகாகா, அதே சபை வழி வந்தவர், 1990-இல் செனட்டரானார்.

கவிழ்ப்பின் நூறாவது ஆண்டு நாளில், 1993 ஜனவரியில், பழைய காங்கிரகேஷனல் சபையின் வாரிசான ஐக்கியக் கிறிஸ்து சபை ஹவாயர்களிடம் மன்னிப்புக் கேட்டது. பத்து மாதம் கழித்து அமெரிக்க அரசும் ஒரு தீர்மானம் வழியாகக் கேட்டது. போர்டு அனுப்பிய நூற்றுக்கு மேற்பட்ட மிஷனரிகளைப் பற்றியும் அந்தத் தீர்மானத்தில் எழுதியிருக்கிறது. செனட்டில் அதைக் கொண்டுவந்தவர் டேனியல் அகாகா.